முதலில் காற்று, அப்புறம்தான் நெருப்பு

அக்டோபர் பாதி தாண்டிவிட்டால் எனக்கு வருகிற தொலைபேசி அழைப்புகளில் பாதி ஒரே விஷயத்துக்காகத்தான் இருக்கும். ஊரிலிருந்து கனடாவுக்கு வந்து, இரண்டு மூன்று வருடம் அபார்ட்மெண்டில் இருந்துவிட்டு, முதல் முறையாகச் சொந்த வீட்டுக்குக் குடிபோனவர்கள் கூப்பிடுவார்கள். "அண்ணே, பேஸ்மெண்ட்ல பீரோ மாதிரி ஒரு தகரப் பெட்டி நிக்குது. உள்ளே கேஸ் எரியுமாம். தொடலாமா?" நான் பிழைப்புக்குச் செய்வது கட்டடங்களுக்குச் சூடும் குளிரும் காற்றும் கணக்குப் போடுகிற வேலை. அதனால் என்னிடம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்றுதான் இந்தப் பதிவு.

ஆனால் இது வெறும் 'எப்படி ஆன் செய்வது' பதிவு இல்லை. நான் பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயலில். இங்கே தரைக்கு மேலே வீட்டைச் சூடாக்க ஒரு இயந்திரம். அங்கே தரைக்குக் கீழே சுரங்கத்தைக் குளிர வைக்க ஒரு இயந்திரம். இரண்டுக்கும் எதிரெதிர் வேலை, அடிப்படை விதி மட்டும் ஒன்று: முதலில் காற்று, மற்றதெல்லாம் அப்புறம். ஃபர்னஸ் செய்கிறவர்கள் இந்த விதியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டார்கள். சுரங்கத்தில் அது விதியாக எத்தனை காலம் ஆயிற்று, அதற்குள் யார் உடம்பு என்ன பட்டது என்பதுதான் நான் சொல்ல வந்த சரித்திரம். கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

பெட்டிக்குள் நடப்பது

சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட்டில் 20 டிகிரி என்று வைக்கிறீர்கள். அறை 19க்கு இறங்கியதும் அது ஃபர்னஸுக்கு ஒரு சின்ன மின்சமிக்ஞை அனுப்புகிறது. வெறும் 24 வோல்ட். உடனே தீ பற்றிக்கொள்ளும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முதலில் ஓடுவது ஒரு சின்ன விசிறி. இண்டியூசர் என்பார்கள். தீ எரியப்போகிற அறையில் தங்கியிருக்கும் பழைய காற்றை, போன தடவை எரியாமல் மிஞ்சிய கேஸ் இருந்தால் அதையும் சேர்த்து, குழாய் வழியாக வீட்டுக்கு வெளியே தள்ளுவது அதன் வேலை.

விசிறிக்குக் கரண்ட் போய்விட்டது என்பதால் மட்டும் பெட்டி திருப்தி அடைவதில்லை. பக்கத்தில் ஒரு ரப்பர் டியூபும் அதன் முனையில் வட்டமான ஒரு பிரஷர் சுவிட்சும் இருக்கும். காற்று நிஜமாகவே இழுபடுகிறது என்று அந்த சுவிட்ச் சொன்னால்தான் அடுத்த படி. வெளிக்குழாயைப் பனி மூடியிருந்தால், அல்லது பறவை கூடு கட்டியிருந்தால், விசிறி சுற்றும், காற்று நகராது. சுவிட்ச் மூடாது. தீ வராது.

சில நொடிகள் காற்று ஓடிய பிறகு இக்னைட்டர் என்ற சின்னப் பட்டை கொல்லன் உலைக் கம்பி மாதிரி சிவந்து பழுக்கும். அதற்குப் பிறகுதான் கேஸ் வால்வு திறக்கும். தீ பற்றியதா என்று பார்க்கவும் ஒரு ஏற்பாடு உண்டு. சுடருக்குள் ஒரு மெல்லிய கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். தீச்சுடருக்குக் கொஞ்சம் மின்சாரம் கடத்தும் குணம் இருப்பதால் அந்தக் கம்பி வழியே மைக்ரோ ஆம்பியர் கணக்கில் மின்னோட்டம் ஓடும். சில நொடிக்குள் அது தெரியவில்லை என்றால் வால்வு மூடிக்கொள்ளும். மறுபடி காற்று, மறுபடி ஒரு முயற்சி. சில முறை தோற்றால் தன்னைத்தானே பூட்டிக்கொண்டு ஒரு விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நிற்கும்.

எல்லாம் சரியாக நடந்து, உள்ளே இருக்கும் உலோக வெப்பமாற்றி சூடான பிறகுதான் பெரிய ப்ளோயர் ஓட ஆரம்பித்து வீட்டுக்குள் வெதுவெதுப்பான காற்றை அனுப்பும். தீயின் புகை அந்த உலோகத்துக்கு உள்பக்கம் ஓடும். நாம் சுவாசிக்கிற காற்று வெளிப்பக்கம் ஓடும். இரண்டும் கலக்கக் கூடாது. அணையும்போதும் இதே ஒழுங்குதான். முதலில் கேஸ் நிற்கும், விசிறிகள் மட்டும் கொஞ்ச நேரம் ஓடி, மிச்சத்தை வெளியேற்றிவிட்டு நிற்கும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். இந்தப் பெட்டி எதையும் நம்புவதில்லை. காற்று இருக்கிறது என்பதற்கு ஆதாரம் கேட்கிறது. ஆதாரம் கிடைக்காவிட்டால் வேலை செய்ய மறுக்கிறது. வெளியே மைனஸ் 30 ஆக இருந்தாலும் சரி, வீட்டுக்காரர் கத்தினாலும் சரி, மறுக்கிறது. சுரங்கத்துக்குள் இறங்கிய ஆளுக்கு அந்த மறுக்கிற உரிமை இருந்ததா? அதைப் பார்ப்போம்.

தீ மூட்டிக் காற்று இழுத்த காலம்

ஃபர்னஸுக்கும் சுரங்கத்துக்கும் நான் வலிந்து முடிச்சுப் போடுகிறேன் என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் காற்றோட்டத்துக்கே ஃபர்னஸ்தான் வைத்திருந்தார்கள். ஒரு கிணற்றின் அடியில் பெரிய அடுப்பு மூட்டுவார்கள். சூடான காற்று அந்தக் கிணறு வழியாக மேலே ஏறும். அது காலி செய்த இடத்தை நிரப்ப, இன்னொரு கிணறு வழியாக வெளிக்காற்று உள்ளே இறங்கி, சுரங்கம் முழுக்கச் சுற்றிக்கொண்டு வரும். நம் வீட்டு விறகடுப்பின் புகைக்கூண்டு செய்கிற அதே வேலை. எரிகிற வாயு கசியும் சுரங்கத்தின் அடியிலேயே நெருப்பு மூட்டுவது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் 19ஆம் நூற்றாண்டில் பல இடங்களில் அதுதான் வழி.

இரண்டு கிணறு வேண்டும் என்பதே பலருக்கு ஆடம்பரமாகத் தெரிந்தது. காசை மிச்சம் பிடிக்க ஒரே கிணற்றை நடுவில் பலகை வைத்துத் தடுத்து, ஒரு பக்கம் காற்று இறங்கவும் மறுபக்கம் ஏறவும் விட்டார்கள். 1862 ஜனவரியில் ஹார்ட்லி என்ற ஊரில் தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தின் இரும்பு உத்தரம் உடைந்து அந்த ஒற்றைக் கிணற்றில் விழுந்து அடைத்துக்கொண்டது. 204 பேர் செத்தார்கள். கீழே சிக்கிக்கொண்டவர்களை இடிபாடு கொல்லவில்லை, நச்சு வாயு கொன்றது. அதே வருடம் பிரிட்டனில் சட்டம் வந்தது: இனி எந்த நிலக்கரிச் சுரங்கத்துக்கும் இரண்டு வழி வேண்டும். முதலில் சாவு, அப்புறம் சட்டம். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வரும்.

பாறையே அடுப்பான ஊர்

இனி நம் ஊருக்கு வருவோம். 1802இல் லெஃப்டினென்ட் ஜான் வாரன் என்ற சர்வே அதிகாரி இந்தப் பக்கம் அளக்க வந்து, கிராமத்தார் மண்ணைக் கழுவித் தங்கம் எடுப்பதைப் பார்த்து எழுதி வைத்தார். 1870களில் மைக்கேல் லவெல் என்ற ஓய்வுபெற்ற சிப்பாய் மைசூர் அரசிடம் உரிமம் வாங்கித் தோண்டிப் பார்த்தார். 1880இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் உள்ளே வந்த பிறகுதான் உண்மையான சுரங்கம் பிறந்தது. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊர்காம், நந்திதுர்க் என்று வரிசையாகச் சுரங்கங்கள். மேற்பார்வைக்கு இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து தகரச் சுரங்க அனுபவம் உள்ளவர்கள் வந்தார்கள். கீழே இறங்கி உடைக்க வட ஆற்காடு, சித்தூர், சேலம், தருமபுரிப் பக்கத்து ஜனங்கள் வந்தார்கள். பெரும்பாலும் தாழ்த்தப்பட்டவர்கள், சொந்த ஊரில் கால் காணி நிலம் இல்லாதவர்கள். உச்ச காலத்தில் முப்பதாயிரம் பேர் வேலை செய்த இடம் அது. என் முன்னோர்களும் அந்தக் கூட்டத்தில் ஒருவராக வந்தவர்கள்தான்.

தங்கவயல் கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேலே இருக்கிறது. மேலே இதமான ஊர், வெள்ளைக்காரர்கள் 'குட்டி இங்கிலாந்து' என்று கொஞ்சிய ஊர். கீழே கதையே வேறு. தங்கம் ஓடிய ரேகை செங்குத்தாகக் கீழ்நோக்கிப் போனது, சுரங்கமும் அதன் பின்னால் போனது. கடைசியில் சாம்பியன் ரீஃப் சுரங்கம் ஏறத்தாழ 3.2 கிலோமீட்டர் ஆழம் போய், உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றாகப் பெயர் வாங்கியது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். கையை வைத்தால் வைத்திருக்க முடியாது.

அதாவது இங்கே தனியாக அடுப்பு மூட்டத் தேவையில்லை. பாறையே அடுப்பு. அந்தச் சூட்டில் காற்று தானாக ஒரு ஷாஃப்டில் மேலே ஏறும், இன்னொன்றில் புதுக் காற்று இறங்கும். ஆழம் குறைவாக இருந்தவரை இந்த இயற்கைக் காற்றோட்டம் கொஞ்சம் கைகொடுக்கும். ஆழம் போகப் போக அது போதாது. வலிமையான விசிறி வேண்டும், விசிறிக்கு மின்சாரம் வேண்டும்.

மின்சாரம் நம் ஊருக்குச் சீக்கிரமே வந்தது என்பது உண்மை. 1902இல் காவிரியின் சிவசமுத்திரத்தில் மின்நிலையம் கட்டி, அங்கிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துத் தங்கவயலுக்குக் கொண்டுவந்தார்கள். திவான் சேஷாத்ரி ஐயர் காலத்துத் திட்டம், அவர் 1901இல் இறந்துவிட்டார், பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. பெங்களூர் தெருவில் மின்விளக்கு எரிந்தது 1905இல்தான். எங்கள் ஊர்க்காரர்கள் இதைச் சொல்லிப் பெருமைப்படுவார்கள், நானும் படுவேன். ஆனால் கம்பி வந்தது தங்கத்துக்காக. பாறையை நொறுக்கவும் சுமையைத் தூக்கவும் தண்ணீரை இறைக்கவும்தான் முதல் பங்கு.

காற்றை அனுப்பினாலே போதாதா?

என் வேலையில் புதிதாகச் சேருகிறவர்களிடம் நான் கேட்கும் கேள்வி இது. 3 கிலோமீட்டர் ஆழத்தில் ஆட்கள் வேலை செய்கிறார்கள். மேலே 25 டிகிரி காற்று இருக்கிறது. பெரிய விசிறி வைத்துக் கீழே அனுப்பினால் அங்கே என்ன வெப்பம் இருக்கும்? பாதிப் பேர் 25க்குக் கொஞ்சம் கூட என்பார்கள்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். காற்றை அழுத்தினால் சூடாகும். ஆழமான ஷாஃப்டில் இறங்குகிற காற்றைத் தனக்கு மேலே இருக்கும் காற்றின் எடையே அழுத்துகிறது. ஈரம் சேராத காற்று என்றால், 100 மீட்டர் இறங்கினால் கிட்டத்தட்ட 1 டிகிரி ஏறும். 3 கிலோமீட்டர் இறங்கினால் 29 டிகிரி. பாறையைத் தொடுவதற்கு முன்பே 25 டிகிரிக் காற்று 54 டிகிரி ஆகிவிடும். வழியில் ஈரம் சேர்ந்தால் இந்த எண் குறையும், ஆனால் காற்று புழுங்கிப்போகும். ஆக, ஒரு ஆழத்துக்குக் கீழே விசிறி மட்டும் ஆளைக் காப்பாற்றாது. காற்றைக் குளிர வைத்துத்தான் அனுப்ப வேண்டும்.

மனிதன் எவ்வளவு சூடு தாங்குவான் என்பதைக் கணக்காகச் சொன்னவர் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானி. அவர் பார்த்த இடங்களில் ஒன்று கார்ன்வால் தகரச் சுரங்கம். நம் ஊருக்கு மேஸ்திரிகளை அனுப்பிய அதே கார்ன்வால். 1905இல் அவர் சொன்னது: சாதாரண வெப்பமானி காட்டும் எண் முக்கியமில்லை, ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் எண்தான் முக்கியம். ஏன்? நம் உடம்பு குளிர்வது வியர்வை காய்வதால். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை காயாது, வழியும். அசையாத காற்றில் ஈரத்துணி வெப்பமானி 31 டிகிரி தாண்டினால், சும்மா உட்கார்ந்திருக்கிற ஆளுக்கே உடல் வெப்பம் ஏற ஆரம்பிக்கும். டிரில் பிடிக்கிற ஆளுக்குச் சொல்லவே வேண்டாம்.

நுரையீரலா, உடம்புச் சூடா?

இந்த இடத்தில்தான் தங்கவயலின் பெரிய சிக்கல் இருக்கிறது. தங்கம் இருந்தது வெண்கல் பாறையில், அதாவது குவார்ட்ஸில். அதை உடைத்தால் வரும் தூள் சிலிக்கா. கண்ணுக்குத் தெரியாத அந்தத் தூள் நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிட்டால் வெளியே வராது. தழும்பு தழும்பாகக் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாக மூச்சை அடைக்கும். சிலிக்கோசிஸ். ஹால்டேனும் கூட இருந்தவர்களும் 1904இல் கார்ன்வால் தொழிலாளர்களைப் பற்றிக் கொடுத்த அறிக்கையிலேயே கல்தூசிதான் நுரையீரலைத் தின்கிறது என்று சொல்லிவிட்டார்கள்.

தூசியை அடக்க வழி என்ன? தண்ணீர். துளை போடும்போதே டிரில் வழியாகத் தண்ணீர் விடுவது, வெடி வைத்த பிறகு கல்லை நனைப்பது. நல்ல வழிதான். ஆனால் 60 டிகிரிப் பாறையில் தண்ணீர் தெளித்தால் என்ன ஆகும்? ஆவியாகிக் காற்றில் ஏறும். ஈரத்துணி வெப்பமானியும் சேர்ந்து ஏறும். தண்ணீர் விடாவிட்டால் இருபது வருடத்தில் நுரையீரல் போகும். தண்ணீர் விட்டால் இன்றைக்கே மயக்கம் வரும். இரண்டையும் சேர்த்துத் தீர்க்க ஒரே வழி, ஏராளமான குளிர்ந்த காற்று. அதற்குத்தான் செலவு அதிகம்.

அந்தச் செலவை 1930களில் செய்தார்கள். சுரங்கங்கள் 2 கிலோமீட்டர் ஆழத்தைத் தாண்டியபோது, வேறு வழியில்லாமல், காற்றைக் குளிர்விக்கும் பெரிய இயந்திரங்கள் தங்கவயலுக்கு வந்தன. வீட்டு ஃபிரிட்ஜின் தத்துவம்தான், அளவு மட்டும் ஒரு கட்டடம். சுரங்கத்தைக் குளிர்விப்பதில் பிரேசிலின் மோரோ வெல்யோ தங்கச் சுரங்கம் 1920ஐ ஒட்டியே முன்னோடி. தென்னாப்பிரிக்காவின் ராபின்சன் டீப்பும் நம் தங்கவயலும் 1930களில் அந்தச் சின்னப் பட்டியலில் சேர்ந்தன. இந்தியாவில் சினிமா கொட்டகைக்குக்கூட ஏசி அபூர்வமாக இருந்த காலம் அது. எங்கள் தொழிலின் சரித்திரத்தில் கோலார் என்ற பெயரைப் பார்க்கும்போது மனசு குதிக்கத்தான் செய்கிறது.

ஆனால் கணக்கைப் பாருங்கள். சுரங்கம் தொடங்கியது 1880. குளிர்ந்த காற்று வந்தது ஐம்பது வருடம் கழித்து. அந்த இடைவெளியில் தூசி சும்மா இருக்கவில்லை. 1940களில் கோலார் சுரங்கத் தொழிலாளர்கள் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை மருத்துவர்கள் பரிசோதித்தபோது நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிலிக்கோசிஸ் இருந்தது. இந்தியாவில் இந்த நோயைப் பற்றி எழுதுகிற எந்த மருத்துவக் கட்டுரையும் இன்றுவரை கோலாரிலிருந்துதான் ஆரம்பிக்கும். இதுவும் ஒரு முதலிடம்தான், பெருமைப்படுவதற்கு இல்லை.

நான் சின்ன வயதில் பார்த்த மைனர்ஸ் லைனில் இரவு நேரத்துச் சத்தம் என்றால் அது இருமல்தான். எதிர்வீட்டுப் பெரியவர் படுத்துத் தூங்க மாட்டார், கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தபடியே விடியும். என் தாத்தா கீழே முப்பது வருடம் இருந்தவர். அவர் எனக்குச் சொன்ன ஒரே தொழில் பாடம் இது: "கேஜை விட்டு இறங்கினதும் மொதல்ல மூஞ்சில காத்து படுதான்னு பாக்கணும்டா. காத்து படலன்னா ஒரு அடி முன்னால வைக்கக் கூடாது." பட்டம் படித்து வந்த பிறகு பார்த்தால், பிரஷர் சுவிட்ச் செய்வதும் அதேதான். ஒரு வித்தியாசம். அங்கே சுவிட்ச் அவருடைய முகம். காற்று படவில்லை என்றாலும் ஷிஃப்ட் நடக்கும்.

மூக்குக்குத் தெரியாத இரண்டு வாயுக்கள்

உடம்பையே கருவியாக வைப்பது சுரங்கத்தோடு நிற்கவில்லை. ஹால்டேன் 1896இல் இன்னொன்றும் சொன்னார். நிலக்கரிச் சுரங்க வெடிப்புகளில் சாகிறவர்களில் பெரும்பாலோரைக் கொல்வது வெடி இல்லை, அதன் பின்னால் பரவும் கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். மனிதனுக்கு முன்பே மயங்கி எச்சரிக்கும் சின்ன உயிர் ஒன்றைக் கூடவே கொண்டுபோங்கள் என்றார் அவர். அப்படித்தான் கானரிக் குருவி சுரங்கத்துக்குள் போயிற்று. பிரிட்டனில் 1986 வரை போய்க்கொண்டிருந்தது.

இன்னொன்று நம் வீட்டுக்கு வருகிற இயற்கை எரிவாயு. அதற்கும் இயல்பில் வாசனை கிடையாது. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தின் நியூ லண்டன் என்ற ஊரில் பள்ளிக்கூடத்துக்கு அடியில் கசிந்து தேங்கிய வாயு வெடித்தது. முந்நூறு பேருக்குக் கொஞ்சம் குறைவாகச் செத்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். யாருக்கும் கசிவு தெரியவில்லை, ஏனென்றால் முகர எதுவும் இல்லை. அதற்குப் பிறகுதான் எரிவாயுவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் பொருளைக் கட்டாயம் கலக்க வேண்டும் என்ற சட்டங்கள் வந்தன. மறுபடியும் அதே வரிசை: முதலில் சாவு, அப்புறம் சட்டம். உங்கள் பேஸ்மெண்டில் அந்த நாற்றம் வந்தால் அது அந்தப் பிள்ளைகள் கொடுத்துவிட்டுப் போன எச்சரிக்கை. அலட்சியம் செய்யாதீர்கள்.

சரி, ஃபர்னஸை எப்படித் தொடங்குவது?

கேட்டவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன். மேலே சொன்னதெல்லாம் புரிந்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் காரணம் தானாகத் தெரியும்.

1. முதலில் வீட்டுக்கு வெளியே போங்கள். ஃபர்னஸின் காற்றுக் குழாயும் புகைக் குழாயும் சுவரிலோ கூரையிலோ வெளியே வரும். இலை, கூடு, பனி எதுவும் அடைத்திருக்கக் கூடாது. குளிர்காலம் முழுக்க, பெரிய பனி விழுந்த மறுநாளெல்லாம் இதைப் பாருங்கள்.

2. பில்டரை மாற்றுங்கள். அடைத்த பில்டர் ப்ளோயரின் காற்றைத் தடுக்கும், வெப்பமாற்றி அளவுக்கு மீறிச் சூடாகும். ஒரு பாதுகாப்பு சுவிட்ச் அணைத்துவிடும்தான். அதையே தினமும் செய்ய வைத்தால் உலோகம் விரிசல் விடும்.

3. ஃபர்னஸைச் சுற்றிப் பெயிண்ட் டப்பா, பெட்ரோல், அட்டைப்பெட்டி, துணி மூட்டை வேண்டாம். நம்மவர்கள் பேஸ்மெண்டை அரிசி குடோனாக்குவது எனக்குத் தெரியும். :-) மூட்டையைத் தள்ளி வையுங்கள்.

4. கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். ஒவ்வொரு தூங்கும் அறைக்கும் பக்கத்தில் ஒன்று. பட்டனை அழுத்திச் சோதியுங்கள், காலாவதித் தேதி பாருங்கள். இதுதான் உங்கள் கானரி.

5. முகர்ந்து பாருங்கள். நாற்றம் இல்லையென்றால், முன்கதவுத் தகடு சரியாக மூடியிருக்கிறதா, கேஸ் குழாயின் கைப்பிடி குழாய்க்கு இணையாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மின்சுவிட்சைப் போட்டு, தெர்மோஸ்டாட்டை உயர்த்துங்கள். விசிறிச் சத்தம், பிறகு 'புஸ்' என்று தீ, பிறகு பெரிய காற்று. முதல் நாள் கோடைத் தூசி கருகும் வாசனை சிறிது நேரம் வரும், போய்விடும்.

6. தீ நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாகத் தளும்பினால் காற்று போதவில்லை என்று அர்த்தம். அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

7. பெட்டி பூட்டிக்கொண்டால் திரும்பத் திரும்ப ரீசெட் செய்யாதீர்கள். எந்த சுவிட்சையும் கம்பி வைத்து ஏமாற்றாதீர்கள். அது ஆதாரம் கேட்கிறது. ஆதாரம் ஏன் வரவில்லை என்று பார்ப்பதுதான் வேலை.

8. பழைய வீடுகளில் எப்போதும் எரியும் பைலட் சுடர் உள்ள ஃபர்னஸ் இருக்கும். அணைந்திருந்தால் கேஸை முழுக்க மூடி, குறைந்தது ஐந்து நிமிடம் பொறுங்கள். தரைக்குப் பக்கத்திலும் முகருங்கள். நாற்றம் இல்லையென்றால் மட்டும், பெட்டியில் ஒட்டியிருக்கும் குறிப்பின்படி பற்ற வையுங்கள். அந்த ஐந்து நிமிடம்தான் அந்தக் காலத்து இண்டியூசர் விசிறி.

9. நாற்றம் பலமாக இருந்தால் விளக்கு சுவிட்சைத் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். செல்போனும் உள்ளே வேண்டாம். எல்லோரும் வெளியே போய், அங்கிருந்து கூப்பிடுங்கள். அலாரம் அடித்தாலும், வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தாலும் இதேதான். ஊரில் நமக்குப் பழக்கமான சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், தரையில் தேங்கும். இங்கே குழாயில் வரும் இயற்கை எரிவாயு காற்றைவிட லேசு, மேலே ஏறும். ஊரில் குனிந்து முகர்ந்த பழக்கம் மட்டும் இங்கே போதாது.

10. ஃபர்னஸ் ஓடவில்லை, குளிர் தாங்கவில்லை என்று கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். ஊட்டி, கொடைக்கானல் விடுதி அறைகளிலிருந்து வருடா வருடம் வரும் செய்திகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

நின்றுபோன விசிறி

தங்கவயல் 1956இல் மைசூர் அரசிடம் வந்தது, 1962இல் மத்திய அரசிடம். 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் ஆனது. 1965இல் அதே சாம்பியன் ரீஃபில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் டாடா ஆராய்ச்சி நிறுவனமும், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் கருவி வைத்து, வளிமண்டல நியூட்ரினோவை உலகத்தில் முதலில் கண்டவர்களில் சேர்ந்தார்கள். அந்த விஞ்ஞானிகளையும் அவர்கள் கருவியையும் அங்கே உட்கார வைத்தது அந்தக் குளிர்ந்த காற்றுதான். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. நூற்றிருபது வருடத்தில் எடுத்த தங்கம் ஏறத்தாழ 800 டன். விசிறிகள் நின்றன, பம்புகள் நின்றன. பாறையின் சூடு மட்டும் நிற்கவில்லை. இப்போது கீழே இருப்பது தண்ணீர். மேலே இருப்பது சயனைடு மண்மேடு. காற்றடித்தால் அந்தத் தூள் பறந்து ஊருக்குள் வரும், அதை அடக்கத் தண்ணீர் தெளிக்க ஆளில்லை.

அந்த மேடுகளை மறுபடி சலித்துத் தங்கம் எடுக்கலாமா என்ற பேச்சு அவ்வப்போது கிளம்புகிறது. எடுக்கட்டும். ஊருக்கு வேலை வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் எந்த டெண்டரிலும் முதல் பக்கத்தில் எத்தனை டன் தங்கம் என்று இருக்கும். தூசி எப்படி, காற்று எப்படி என்பது கடைசிப் பக்கத்தில் இருக்கும். என் பேஸ்மெண்டில் நிற்கும் ஒரு தகரப் பெட்டி, மூன்று பேர் இருக்கிற வீட்டைச் சூடாக்குவதற்கு முன்னால் காற்று ஓடுகிறதா என்று ஆதாரம் கேட்கிறது. ஒரு ஊரைத் திரும்பத் தோண்டுவதற்கு முன்னால் அதே கேள்வியை முதல் பக்கத்தில் கேட்கச் சொல்வது பேராசை ஆகாது. ஐம்பது வருடம் கழித்துக் குளிர்ந்த காற்று வரட்டும் என்று காத்திருக்க இன்னொரு தலைமுறையின் நுரையீரல் நம்மிடம் இல்லை.

இந்த வார இறுதியில் பில்டரை மாற்றிவிடுங்கள்.